வெட்டு இருக்கும் இடம்

பெயரை அடித்தால்
சோக்கே முதலில் வரும்.
வாங்கா
நான் தேநீர் குடித்து முடித்த பிறகு வரும்.
எதிரே முக்காலியில்
தியோடோசியா சோக்கேவாங்கா
தன் பெயரின் பிற்பாதிக்குக் காத்திருப்பாள்,
தாமதமான மினிபஸ்ஸுக்குக் காத்திருப்பதுபோல,
கோபமில்லாமல்.

எல் ஆல்ட்டோவில் மனு எழுதித் தருபவள் நான்.
பக்கத்துக்கு மூன்று பொலிவியானோ.
ஓய்வூதியம், தண்ணீர் இணைப்பு, எல்லைச்சுவர்த் தகராறு,
விட்டுப் போனவனிடம் ஜீவனாம்சம்.
என் பெட்டிக்கு வயது பதினான்கு,
அதற்கு மெமரி ஒரு ஜிபி.
அந்த ஒன்றுக்குள்தான்
இத்தனை பேருடைய அவசரமும்.

புதன் இரவு
நாணயத்தால் திருகைக் கழற்றினேன்.
உள்ளே தூசி
ஒரு போர்வைக்குக் காணும்.
ஸ்லாட் இரண்டு, ஒன்று காலி.
இருந்த பட்டையைப் பிடுங்கி
அதன் முதுகுச் சீட்டில் இருந்ததை
உள்ளங்கையில் பேனாவால் படியெடுத்தேன்:
டிடிஆர் மூன்று,
ஆயிரத்து முந்நூற்று முப்பத்து மூன்று,
ஒன்றரை வோல்ட்.
கை கழுவாமல் தூங்கினேன்.

வியாழன் சந்தையில்
நீலத் தார்ப்பாய்மேல் கொட்டிக் கிடந்தன ரேம் பட்டைகள்,
ஏரியில் பிடித்துக் காயவைத்த பொடிமீன்போல.
ஃபாவுஸ்தோ கையுறையைக் கழற்றாமலே அள்ளிக் காட்டினான்.
"எல்லாம் ஒன்றுதான், செனோரா நில்டா."

ஒன்றல்ல.
அடிவிளிம்பில் ஒரு சின்ன வெட்டு.
டிடிஆர் இரண்டுக்கு நடுவை ஒட்டி,
மூன்றுக்குக் கொஞ்சம் தள்ளி.
ஒரு நகத்தின் அகலம்தான்.
அழுத்தினால் பட்டை உடையும், ஸ்லாட் உடையும்,
வெட்டு மட்டும் நகராது.
ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.
கல்யாணத்துக்கு
இதில் பத்தில் ஒரு பொருத்தம்கூட நான் பார்க்கவில்லை.
பலனைச் சும்மா விடவில்லை,
ஜீவனாம்ச மனுவுக்கு
மாதிரிப் படிவமாக வைத்திருக்கிறேன்.

வெட்டு பொருந்தியது ஒன்று கிடைத்தது.
எட்டு ஜிபி, முப்பதே பொலிவியானோ.
முப்பது என்றபோதே
யோசித்திருக்க வேண்டும்.

கச்சிதமாக உட்கார்ந்தது.
'க்ளிக்' என்று இரண்டு பக்கமும் பூட்டிக்கொண்டது.
சுவிட்சைப் போட்டேன்.
பீப். பீப். பீப்.
திரை கறுப்பு.
பீப்.

ஞாயிறு.
"சர்வருடைய பட்டை இது," என்றான் ஃபாவுஸ்தோ,
"பெரிய இடத்துப் பிள்ளை.
உங்கள் வீட்டில் வாய் திறக்காது."
வியாழக்கிழமை ஏன் சொல்லவில்லை?
"வியாழக்கிழமை நீங்கள் கேட்கவில்லை."

மதர்போர்டின் பெயரைச் சொன்னேன்.
அவன் முகம் மாறியது.
பட்டைகளின் முதுகில் கறுப்புச் சில்லுகளை
அரிசியில் கல் தேடுவதுபோல எண்ணத் தொடங்கினான்.
"நாலு ஜிபியை எட்டே சில்லில் அடைத்தால்
உங்கள் போர்டு விழிக்கும்.
பதினாறு வேண்டும்.
இந்தப் பக்கம் எட்டு, அந்தப் பக்கம் எட்டு."
குவியலின் அடியிலிருந்து ஒன்று வந்தது,
மூலையில் யாரோ நகப்பூச்சால் வைத்த சிவப்புப் புள்ளியோடு.

பழையதையும் கொடு, மேலே இருபதும் கொடு என்றான்.
கொடுத்தேன்.
குவியலில் எறிந்தான்.
அடுத்த நொடி என்னுடையது எதுவென்று தெரியவில்லை.
பதினான்கு வருடம் எல்லாருடைய வார்த்தையும்
அதன் வழியாகத்தான் போனது.
தங்கியது ஓர் எழுத்தில்லை.
கரண்ட் போனால் மறந்துவிடுகிற ஜாதி.
பரவாயில்லை,
சிலருடைய மனுக்களை நானும் மறக்கத்தான் விரும்புகிறேன்.

திரும்பும் வழியெல்லாம்
அதைச் சட்டைக்குள் வைத்திருந்தேன், குளிருக்காக.
இதுவும் பேசாவிட்டால்
திரும்பிப் போக ஒரு ஜிபிகூட இல்லை.

பீப்.
ஒன்று.
ஒன்றே ஒன்று.
நின்றபடியே இன்னொன்றுக்குக் காத்திருந்தேன்,
வரவில்லை.

நாலு போட்டது மூன்றே கால் என்று காட்டுகிறது.
முப்பத்திரண்டு பிட் விண்டோஸுக்கு
அதற்குமேல் கண் தெரியாதாம்.
மீதி முக்கால் உள்ளேதான் இருக்கிறது,
எனக்குக் கொடுத்துவைக்கவில்லை.

திங்கள் காலை தியோடோசியா வந்தாள்.
முக்காலியை இழுத்துப் போட்டு, சால்வையைச் சுற்றிக்கொண்டு,
காத்திருக்க வாகாக உட்கார்ந்தாள்.
அடித்தேன்.
முழுப்பெயரும் ஒரே மூச்சில் விழுந்தது.
எட்டிப் பார்த்தாள்.
"என் பெயர் இவ்வளவு சின்னதா?" என்றாள்.
பஸ் வந்துவிட்டதுபோல எழுந்தாள்.

உட்காருங்கள் என்றேன்.
பிரிண்டர் இன்னும் பழையதுதான்.